தூணில் வற்றிய கடல்

ஆசியப் படங்களில் பௌத்தம் வந்துபோகும் விதத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்தது, பல்கலைக்கழகத்தின் இரண்டாம் வருடத்தில். அந்தப் படங்களில் யாரும் உபதேசிப்பதில்லை. ஒருவர் தான் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவுவார், அவ்வளவுதான். மணி அடித்தால் அதன் ஓசை முழுதாக அடங்கும்வரை காட்சியை வெட்டமாட்டார்கள். செத்தவீட்டுப் பேச்சில் மட்டும் நான் கேட்டிருந்த நிலையாமை, அங்கே மழையும் சோறுமாக நடமாடியது.

இதை அண்ணைக்குக் காட்டியே தீருவது என்று நின்றேன். அண்ணை கடலுக்குப் போகிறவர். எங்கள் கரையில் வள்ளம் ஏற்றுகிற இடத்தை அடைத்து ஓர் இராணுவ முகாம் இருந்தது. அதற்குள் ஒரு புத்தர் சிலை. முகாம் போன பிறகும் சிலையும் வேலியும் போகவில்லை. அண்ணைக்குப் பௌத்தம் என்றால் அந்த வேலிதான்.

"காவியைக் கண்டா பின்னாலை ட்ரக் வரும், பிள்ளை. உன்ரை படத்திலை காவி வந்தா நான் எழும்பிப் போடுவன். அதோடை உந்தப் படக்கதை வீட்டிலை கதைக்கப்படாது."

"ஓம்" என்றேன். பத்தாவது நிமிடத்திலேயே காவி வரும் என்று சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம், ஆராதனை முடிந்து வந்த சினேகிதியின் வீட்டில் யன்னல்களைப் படுக்கை விரிப்பால் மூடி, சுவரில் படத்தைப் போட்டோம். கடலில் மகனைப் பறிகொடுத்த ஒருவர் தினமும் இறங்குதுறையில் வந்து குந்துகிறார். காவி உடுத்த ஒரு கிழத்துறவி வந்து பக்கத்தில் இருக்கிறார். ஒன்றும் பேசவில்லை. அண்ணை கதிரையைப் பின்னால் தள்ளினார்.

"அண்ணை, தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்கோ" என்று சினேகிதி கோப்பையைக் கையில் திணித்தாள். மரியாதைக்கு இருந்தார்.

அதற்குள் படத்தில் இருவரும் எழுந்து போய்விட்டார்கள். இறங்குதுறையின் ஒற்றைத் தூண் மட்டும். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

"படம் இறுகிப் போச்சுதடி" என்று சினேகிதி மடிக்கணினியைத் தட்டப் போனாள்.

"தொடாதை!" அண்ணை கத்தினார். "அது ஓடுது. தூணைப் பார். கடல் வத்துது."

உண்மைதான். தூணின் ஈரம் ஒரு விரலளவு, பிறகு இரண்டு விரலளவு வெளியே வந்தது. ஒட்டியிருந்த சிப்பி ஒன்று தலைகாட்டியது. மூன்று தரம் பார்த்த படம். அசைவே இல்லாத காட்சி என்று பல்கலைக்கழகத்தில் கண்டவருக்கெல்லாம் அளந்திருந்தேன்!

துறவி திரும்பி வந்தார். அண்ணை எழும்பவில்லை.

"கிழவனுக்கு நீர் தெரியும்" என்றார், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "வத்தினது பெருகும் எண்டு அந்தாளுக்குச் சொல்லேல்லைப் பார். பிள்ளையைக் கடலுக்குக் குடுத்தவனுக்கு உதைச் சொல்லியிருந்தானெண்டா நான் எழும்பியிருப்பன்."

படம் முடிந்தது. சினேகிதி விரிப்புகளைக் கழற்றினாள்.

"எங்கடை கரையிலை வேலிக்குள்ளை இருக்கிறதுக்கும் உந்தக் கிழவனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அண்ணை கேட்டார். கேலியில்லை, நிசமாகவே கேட்டார்.

அவ்வளவு வாயடித்த நான் சொன்னது இவ்வளவுதான்: "தெரியேல்லை, அண்ணை."

"அப்ப அந்த யன்னல் சீலையைத் திரும்பக் கட்டு" என்றார். "இன்னொண்டு போடு, பாப்பம்."