நயிமாவின் கவிதையும் சுசீலாபாயின் குரலும்

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மொராக்கோவிலிருந்து மூன்று முறை போன் வந்தது. மூன்றாவது முறை பேசி முடித்த நயிமா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்க தம்பிய தேடி வீட்டுக்கு சுரங்கக் கம்பெனி ஆளு வந்திருக்கு, ஆன்ட்டி. உனக்க அக்கா இனி அந்தக் கவிதைய எங்கயாவது வாசிச்சா உன்ன விடமாட்டோம்னு பறஞ்சிருக்கு."

வீட்டு உரிமையாளர் சுசீலாபாய் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று மாலைதான் திருவனந்தபுரம் தைக்காட்டில் வாசிப்புக் கூட்டம். நயிமா அரபியிலும் அவர் தமிழிலும் அதே கவிதையை வாசிப்பதாக இருந்தது.

நயிமா ஒரு சுரங்க ஊரில் பிறந்தவள். பாஸ்பேட் வெட்டிய அப்பா நுரையீரல் கெட்டு ஐம்பது வயதில் போய்விட்டார். படிக்கத் திருவனந்தபுரம் வந்தவள், படிப்பு முடிந்தும் திரும்பவில்லை. கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் பிரெஞ்சில் கடிதம் எழுதும் வேலை. மற்ற நேரமெல்லாம் கவிதை. மலையாளத்தை பஸ்ஸில் கற்றாள், தமிழை சுசீலாபாயிடம் கற்றாள். தமிழ்நாட்டு எல்லையிலுள்ள பாறசாலைக்காரரான சுசீலாபாய் ஆஸ்பத்திரி லேபில் முப்பது வருஷம் கல்குவாரி ஆட்களின் சளியைப் பரிசோதித்தவர். 'மூன்று முறை கைகழுவியும் அப்பா பிட்ட ரொட்டியில் வெள்ளைத் தூசி' என்ற வரியைத் தமிழில் எழுதும்போது அவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"போகண்டாம் மக்ளே. எனக்கு பேடியாட்டு இருக்கு" என்றார் சுசீலாபாய்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு."

மதியம் தம்பி மறுபடி அழைத்தான். அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டானாம். எங்கே என்று அக்காவிடமும் சொல்லமாட்டானாம். "நீ வாசி" என்றான். அதோடு போன் அணைந்துவிட்டது.

மாலையில் போனார்கள். மூன்றாம் வரிசையில் ஒருவன் போனில் படம்பிடித்துக்கொண்டிருந்தான். நயிமாவுக்குப் பின் தமிழில் வாசித்த சுசீலாபாயின் கண் அவன்மேலேயே இருந்தது. நடுவில் ஒரு வரி விட்டுப்போனது. நயிமா அவர் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள். எப்படியோ முடித்தார்.

கூட்டம் கலைந்ததும் அந்த ஆள் நேராக அவர்களை நோக்கி வந்தான். நயிமா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"யாருக்கு அனுப்பதுக்கு எடுத்தே?" சுசீலாபாயின் குரல் கீச்சென்று வந்தது.

அவன் திகைத்தான். "எங்க அப்பாவுக்குங்க. விதுராப் பக்கம் கல்குவாரியில வேல செய்தாரு. அவருக்கும் தூசி இருமல்தான்."

அழிக்கச் சொன்னார். ஏன் என்று கேட்காமல் அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்தான். சுசீலாபாய்க்கு வெட்கமாகிவிட்டது. கையிலிருந்த தமிழ்க் கவிதைத் தாளை அவனிடம் கொடுத்தார்.

இரண்டு நாள் தம்பியின் போன் அணைந்தே கிடந்தது. நயிமா சாப்பிடவில்லை. கேட் கிறீச்சிட்டால் இருவரும் எழுந்து நின்றார்கள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, தெரியாத எண்ணிலிருந்து அவன் குரல் வந்தது. அம்மாவும் அவனும் தாய்மாமன் வீட்டில் இருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பும் உத்தேசமில்லை.

மாடிக் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டார்கள். நான்கு மாதம் கழித்துக் கவிதைகள் தமிழில் புத்தகமாக வந்தபோது, நயிமா தன் முழுப்பெயரையே கொடுத்தாள். மொழிபெயர்த்தவர் என்று தன் பெயர் வேண்டாம் என்றார் சுசீலாபாய். அச்சுக்குப் போகும் நாளன்று அவரே அச்சகத்துக்குப் போன் செய்து போடச் சொன்னார். போனை வைத்ததும் மாடி ஏறிப் போய் அந்த இரண்டாவது தாழ்ப்பாளைச் சரிபார்த்தார்.