டுரியான் வாசம் என்று நான் சொன்னேன்

எனக்கு வாசனை தெரியாது. நாற்றமும் தெரியாது. அதை எல்லோரிடமும் மறைத்தேன். நான் மறைத்ததால் சரோஜா அக்காவின் முகமும் கைகளும் வெந்துபோயின.

இதுதான் என் குற்றம். சொல்லி முடிக்க ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை, பார்த்தீர்களா! ஆனாலும் இத்தனை காலமாக இது என் தொண்டையைத் தாண்டி வந்ததில்லை... இன்று காலை நடந்ததற்குப் பிறகு இனியும் உள்ளே வைத்திருந்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதுவே எனக்கு வசதியாக இருக்கிறது.

என் பெயர் சேவியர். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியில் மனைவி பிலோமினாவோடு குடியிருக்கிறேன். வேலை கிள்ளானில், சமையல் கேஸ் நிரப்புகிற ஓர் ஆலையில். அங்கே எனக்கு என்ன வேலை தெரியுமா? கேஸுக்கு நாற்றம் ஏற்றுவது!

சிரிக்காதீர்கள். உங்கள் அடுப்புக்கு வருகிற கேஸுக்குச் சொந்தமாக வாசமே கிடையாது. கசிந்தாலும் தெரியாது. அதனால் மெர்கேப்டான் என்கிற கந்தகச் சரக்கை நாங்கள் அதில் துளித்துளியாகக் கலக்கிறோம். பார்க்கத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டைக்கோஸும் பூண்டும் சாக்கடையும் ஒன்றாகச் சேர்ந்து முகத்தில் அறையும். நம் உடம்புச் சூட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடும் என்பதால், கிள்ளான் வெயிலில் அதன் பீப்பாயிடம் மாமியாரிடம் நடந்துகொள்வதுபோல் நடந்துகொள்ள வேண்டும். ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழும், ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அளவு மீறி உள்ளே போனால் தலை சுற்றும், குமட்டும், மூச்சே அடங்கினாலும் அடங்கும். பூச்சிமருந்து செய்கிறவர்களும் இதை வாங்குவார்கள். சுரங்கத்துக்குள் ஆபத்து என்றால், சத்தம் எட்டாத ஆழத்துக்கு இந்த மாதிரி நாற்றத்தைக் காற்றோடு அனுப்பி ஆட்களை வெளியேறச் சொல்வது உண்டாம்.

ஒருமுறை எங்கள் ஆள் ஒருவர் கையுறையில் பட்ட ஒரு துளியைக் கவனிக்காமல் வெளியே கழற்றிப் போட்டுவிட்டார். பக்கத்துத் தாமானே, அந்தக் குடியிருப்பு முழுக்க, கேஸ் கசிகிறது என்று அலறிப் போம்பாவைக் கூப்பிட்டுவிட்டது. தீயணைப்பு வண்டி வந்து நிற்கிறது, நாங்கள் பிளீச் தண்ணீரை ஊற்றித் தரையைக் கழுவிக்கொண்டிருக்கிறோம். அப்படிப்பட்ட சரக்கு.

உயிர் காக்கிற நாற்றம் அது. ஆனால் அதை முகர்ந்து பார்க்க ஒரு மூக்கு வேண்டுமே...

எனக்கு இருந்தது. இருந்தது என்றால் சாதாரண மூக்கு இல்லை! ஆலையில் என்னை ‘ஹிடோங்’ என்றே கூப்பிடுவார்கள், மலாயில் மூக்கு. கலந்த அளவைக் கருவி காட்டினாலும், கேஸைக் காற்றில் கரைத்து இரண்டு பேர் முகர்ந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆலையின் விதி. புதுத் தோம்பின், அதாவது கேஸ் சிலிண்டரின், உள்சுவரில் இருக்கிற துரு இந்தச் சரக்கைத் தின்றுவிடும். உள்ளே கேஸ் நிறைய இருக்கும், நாற்றம் மட்டும் காணாமல் போயிருக்கும். அதைப் பிடிப்பதில் நான் கில்லாடி. எனக்கு அதில் எவ்வளவு திமிர் இருந்தது என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

பிறகு கோவிட் வந்தது. காய்ச்சல் போனது. மூக்கும் அதோடு போனது.

வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். எல்லோருக்கும் வந்தது, எனக்கு வரவில்லை. பிலோமினா தினமும் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அவளிடம், வந்துடுச்சு, காப்பி வாசம் நல்லா தெரியுது என்று சொல்லிவிட்டேன். ஏனென்றால் மறுநாள் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். மூக்கு இல்லை என்று தெரிந்தால் என்னைத் தோம்பு தூக்குகிற பக்கம் அனுப்பிவிடுவார்கள். ‘ஹிடோங்’ என்று கூப்பிட்ட வாய்களெல்லாம் அதையே சொல்லிச் சிரிக்கும். அதைத் தாங்க என்னால் முடியாது என்று நினைத்தேன்.

ஆலையில் எப்படிச் சமாளித்தேன் என்று கேட்கிறீர்களா? என்னோடு சோதனைக்கு நிற்பவர் காக் ரோஸ்னா, என்னைவிட மூத்த மலாய்ப் பெண்; காக் என்றால் அக்கா. நீங்க முதல்ல பாருங்க, பெரியவங்க இல்லையா என்று விளையாட்டாகச் சொல்லி அவரை முன்னே விட்டேன். அவர் முகம் சுளிக்கும். எவ்வளவு சுளிக்கிறது என்று பார்த்துக்கொள்வேன். பிறகு நானும் குனிந்து, அதே அளவு சுளித்து, சரி என்பேன். வீட்டிலும் அப்படித்தான். வாசலில் நிற்கிற பிலோமினாவின் முகத்தைப் பார்த்துத்தான் என் சட்டை நாறுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்வேன். மற்றவர்களின் முகமே எனக்கு மூக்காகிவிட்டது!

இப்போது சரோஜா அக்கா. எங்கள் மாடியிலேயே, எதிர்வீடு. கணவர் இல்லை. இடியாப்பமும் தோசையும் செய்து, காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு விற்கிறார். மகள் கவிதா கல்யாணமாகிச் சுபாங் ஜெயாவில் இருக்கிறாள். எங்கள் வரிசையில் யார் வீட்டில் கேஸ் மாற்றினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் போய் மூக்கை நீட்டி, ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். மூக்கு போன பிறகும் போய்க்கொண்டிருந்தேன்... டீயும் குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் கவிதா, மாப்பிள்ளை, அவர்கள் சொந்தக்காரர்கள் என்று வீடு நிறைய ஆட்கள். டுரியான் பருவம். கூடத்தில் தாள் விரித்துப் பழத்தைப் பிளந்து வைத்திருந்தார்கள். அக்கா மட்டும் உட்காரவில்லை. என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

“தம்பி, கொஞ்சம் வந்து பாருங்களேன். கேஸ் வாசம் மாதிரியே வருது. இவங்க எல்லாம் டுரியான்னு சிரிக்கிறாங்க. ஆனா பழம் வர்றதுக்கு முந்தியே இருந்துச்சு தம்பி.”

முந்தியே இருந்துச்சு! இந்தச் சொல்லை அவர் சொன்னார். நான் கேட்டேன். நீங்களும் கேட்டுவிட்டீர்கள், நல்லது.

டுரியானிலும் இதே சரக்கு இயற்கையாகவே ஒரு துளி இருக்கிறது. அதனால்தான் இந்த நாட்டில் கேஸ் கசிவு என்று போம்பா ஓடிவந்து, குப்பைத் தோம்பில் கிடக்கிற பழத்தோலைப் பார்த்துத் திரும்பிப் போகிற கூத்தெல்லாம் நடக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும். டுரியானில் நாற்றத்துக்கு மேலே ஓர் இனிப்பு இருக்கும். கேஸில் இனிப்பே இருக்காது, வெறும் நாற்றம் தொண்டையில் போய் ஒட்டும். இதை நான்தான் அந்த மாடிக்கே பாடம் எடுத்திருந்தேன்.

சமையலறைக்குள் போனேன். பின்னாலேயே எல்லோரும் வந்து நின்றார்கள். யாருடைய முகத்தைப் பார்ப்பது? டுரியான் வாயோடு நிற்கிறவர்களின் முகத்தில் எனக்கு என்ன தெரியும்! அடுப்புக்குக் கீழே அலமாரிக்குள் தோம்பு இருந்தது. குனிந்தேன். கண்ணை மூடினேன். நன்றாக இழுத்தேன்...

ஒன்றுமில்லை. எனக்கு எப்போதும் ஒன்றுமில்லைதான்.

கையெட்டும் தூரத்தில் பாத்திரம் கழுவுகிற சோப்பு இருந்தது. தண்ணீரில் கலந்து குழாயிலும் ரெகுலேட்டரிலும் தடவினால் போதும். கசிந்தால் நுரை கொப்பளிக்கும். அதற்கு மூக்கே வேண்டாம், கண் போதும். இது எனக்குத் தெரியாதா? ஆலையில் தினமும் செய்கிற வேலை! ஆனால் ‘ஹிடோங்’ சோப்புத் தண்ணீரைக் கேட்டால் இவர்கள் என்ன நினைப்பார்கள்? ஏன் அங்கிள், மூக்கு என்னாச்சு என்று கவிதா கேட்டுவிட்டால்?

இந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். ஒரு கேள்விக்கு!

நிமிர்ந்து, “டுரியான்தான் லா அக்கா. நேத்து கீழ்வீட்லயும் சாப்பிட்டிருப்பாங்க” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் வெட்கப்பட்டுச் சிரித்தார். என் கையில் ஒரு சுளையைக் கொடுத்தார்கள். தின்றேன்.

மறுநாள் விடியலில் இடியாப்பத்துக்குத் தண்ணீர் வைக்க அக்கா அடுப்பைப் பற்றவைத்தார். குழாயின் ரப்பர் வெடித்திருந்ததாம். இராத்திரி முழுக்க கேஸ் அலமாரிக்குள்ளும் தரையிலும் தேங்கி நின்றிருக்கிறது. பொத்தென்று ஒரு சத்தம்தான் எனக்குக் கேட்டது. கதவைத் திறந்து ஓடினேன். அக்கா கூடத்துக்கு வந்து நின்றுகொண்டிருந்தார். கத்தவில்லை. கைகளை முன்னே நீட்டிக்கொண்டு நின்றார், தோல் தொங்கியது. முடி கருகி நாறுது என்று பிலோமினா மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அதுவும் தெரியவில்லை... கடவுளே, எனக்கு அதுவும் தெரியவில்லை!

போம்பா அதிகாரி விசாரித்தார். கவிதா, அங்கிள் பார்த்தாரு, டுரியான் வாசம் வேற இருந்துச்சு என்று சொன்னாள். அதிகாரி தலையாட்டினார். எங்க ஆளுங்களே ஏமாந்துடுவாங்க, உங்க மேல தப்பில்ல என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நானும் தலையாட்டினேன். அந்தப் பழம் என்னைக் காப்பாற்றிவிட்டது.

கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். என்ன பொய் என்று சாமியார் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை என்னையே நான் ஏமாற்றிக்கொள்கிறேன். அவர் கேட்கவில்லை. செபம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா பல மாதம் கழித்து வீடு திரும்பினார். கன்னத்திலும் கழுத்திலும் தோல் இழுத்துப் பிடித்திருக்கிறது; சிரித்தால் ஒரு பக்கம்தான் அசைகிறது. விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. நான் தலைகுனிந்து நின்றபோது அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“நீங்க பார்த்தப்போ கசிஞ்சிருக்காது தம்பி. அப்புறம்தான் கசிஞ்சிருக்கும். நான்தான் முந்தியே இருந்துச்சுன்னு உளறிட்டேன்.”

தன் மூக்கையே அவர் நம்பாமல் போய்விட்டார்! சரியாகச் சொன்ன மூக்கு அது. அந்த வீட்டிலேயே அது ஒன்றுதான் சரியாகச் சொன்னது. அதை நான் பொய்யாக்கினேன். வெந்த முகத்தைக்கூட ஒருவேளை மன்னித்துவிடலாம்... இதை யார் மன்னிப்பது?

பிழைப்புக்கு அவர் மறுபடியும் அடுப்பு மூட்டத்தான் வேண்டும். ஆனால் பயம். அதனால் இப்போது தினமும் காலையில் நான் ரயிலுக்குப் போகுமுன் அவர் வீட்டுக்குப் போகிறேன். நான் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் அவர் லைட்டரைத் தொடுவார். சோப்புத் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுபோய்க் குழாயெல்லாம் தெளித்துப் பார்ப்பேன். கம்பெனியில இப்ப இப்படித்தான் செய்யச் சொல்றாங்க என்று ஒரு புதுப் பொய்யும் சொல்லி வைத்தேன். இதாவது உண்மையான காவல் என்று கொஞ்சம் ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று காலை போத்தலை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனேன்.

அலமாரியைத் திறந்த பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. வாசலைத் தாண்டினால் என் வீடு. போய் எடுத்து வரலாம். அக்காவின் அடுப்படியிலேயே சோப்பு இருக்கிறது. திரும்பினேன். தோசைக்குக் காத்திருந்த ஒருவர் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் பெருமையாக, “நம்ம தம்பி கேஸ் கம்பெனி. அவர் மூக்குக்குத் தெரியாம ஒண்ணும் கசியாது” என்றார். பிறகு என்னைப் பார்த்து, தண்ணியெல்லாம் எதுக்குத் தம்பி, உங்க மூக்கு போதும் என்றார்.

அந்தச் சொல் எனக்கு இனித்தது. ஆம்... வெந்துபோன அந்த வாயிலிருந்து வந்தும், இனித்தது!

குனிந்தேன். இழுத்தேன். ஒன்றுமில்லை.

“கிளியர் லா அக்கா.”

மடங்காத விரல்களால் லைட்டரைப் பிடித்து அக்கா அடுப்பைப் பற்றவைத்தார். நீலமாக எரிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன், வாசம் எப்படி என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன்.

கிள்ளான் ரயிலைப் பிடித்தேன். இறங்கி ஆலைக்குப் போனேன். காக் ரோஸ்னா முகம் சுளித்தார், நானும் சுளித்தேன், அந்தக் கேஸ் லோரியில் ஏறிப் போய்விட்டது. எந்த வீட்டுக்கென்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக்காகவும் இருக்கலாம்.

நாளைக்கும் அக்கா கதவைத் திறந்துவைத்து, லைட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார்.