கொக்கியில் தொங்கிய தாலி

என் அண்ணன் அய்யாதுரையைப் பற்றி எழுதச் சொன்னால், அவருடைய நல்ல குணத்தால் நான் பட்ட பாட்டைத்தான் முதலில் எழுத வேண்டும். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்திரண்டு வருஷம் புடவைப் பிரிவில் நின்றவர். நூறு புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று நழுவுகிற பெண்களைக்கூட வாசல்வரை வந்து வழியனுப்புவார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, என்னை வளர்த்தது அவர்தான். தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கோபக்காரன், அதை மறைப்பதில் லாபமில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆவணியில் எனக்குக் கல்யாணம். பெண் பங்கஜம், ராயப்பேட்டை. தி.நகரில் ஒரு சின்ன மண்டபம், முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை வீட்டுத் தாலியைத் திருநெல்வேலியில் ஒரே ஒரு ஆசாரி வீட்டில்தான் செய்வது வழக்கம். அவரோ நாள் பார்த்துத்தான் பொன் உருக்குவேன் என்று இழுத்தடித்து, கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் தாலியை அண்ணன் கையில் கொடுத்தார். அன்று மாலை ரயிலில் அண்ணன் ஏறினார். விடிவதற்குள் மாம்பலத்தில் இறங்கினால் மண்டபத்துக்கு நடந்தே வந்துவிடலாம்.

அந்த ரயிலில் நடந்ததை அண்ணன் எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் தலைதான் சுற்றியது. எனக்குப் புரிந்த வரிசையில் சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்பு ஸ்லீப்பர் பெட்டி. தாலியை மஞ்சள் குங்குமத்தோடு சின்னச் சம்புடத்தில் வைத்து, சம்புடத்தை ஒரு பிரம்புக் கூடைக்குள் வைத்திருந்தார். இடுப்பில் முடிந்துகொண்டிருந்தால் வம்பே இல்லை. ஆனால் தாலியோடு கக்கூசுக்குப் போகக்கூடாதே. கீழே வைத்தால் நாலு பேர் கால் படும். தலைமாட்டில் வைத்தால் தூக்கத்தில் தன் காலே படும். யோசித்து யோசித்து, கடைசியில் ஜன்னலோரக் கொக்கியில் கூடையை மாட்டினார்.

எதிர் இருக்கையில் மேலப்பாளையத்து அமீனா பீ என்ற அம்மாள் இருந்தார். தொண்டையில் கட்டி. அடையாறு ஆஸ்பத்திரிக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவருடைய கணவர் பீர் முஹம்மதுவுக்கு மூன்று பெட்டி தள்ளி இடம் கிடைத்திருந்தது. மனிதர் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓடிவந்து ஜன்னல் வழியாக மனைவியைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடினார். அண்ணனுக்கு இது பொறுக்குமா? மதுரையில் தானாகவே இடம் மாறிக்கொள்வோம் என்று சொல்லி எழுந்துவிட்டார். பையை எடுத்தார், போர்வையை எடுத்தார், செருப்பைக்கூட மறக்கவில்லை. கூடை மேல் யாரோ துண்டைப் போட்டிருந்தார்கள். அது கண்ணில் படவில்லை.

புது இடத்தில் போர்வையை விரிக்கும்போதுதான் திக்கென்றது. அந்த வண்டியில் பெட்டிக்குப் பெட்டி உள்ளே போக வழி கிடையாது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நோயாளி அப்போதுதான் கண் அயர்ந்திருப்பார், எழுப்பக்கூடாது என்று ஒரு யோசனை. இடத்தைக் கொடுத்துவிட்டுக் கூடையைத் தேடிப் போனால் அவர்களைச் சந்தேகப்படுவதாக நினைத்துக்கொள்வார்களே என்று இன்னொரு யோசனை. இரண்டு யோசனைக்கும் நடுவில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு, விழுப்புரம் தாண்டியதும் தூங்கிப்போனார்.

வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். மாம்பலம் வந்ததும் பக்கத்தில் இருந்தவர் தட்டி எழுப்பினாராம். அண்ணன் குதித்து இறங்கி, பழைய பெட்டிக்கு ஓடி, ஒரு வாசல் வழியாக ஏறினார். அதே நேரம் அந்தத் தம்பதி இன்னொரு வாசல் வழியாக இறங்கினார்கள். கூடை அமீனா பீயின் கையில். அண்ணன் உள்ளே வெறும் கொக்கியைத் தடவிக்கொண்டு நின்றார். வண்டி நகர்ந்துவிட்டது. எழும்பூரில் எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் இறங்கவில்லை. இது அந்தப் பெட்டிதானா என்றே சந்தேகம் வந்து, அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி என்று கொக்கி கொக்கியாகத் தேடி, காலி வண்டியோடு யார்டுவரை போய்ச் சேர்ந்தார்.

இங்கே நான் மாலையும் கழுத்துமாக மணவறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆறு மணி, ஆறரை மணி. தாலியும் இல்லை, அண்ணனும் இல்லை. ரயில் வந்துவிட்டதாக ஒருவர் சொன்னார், வரவேயில்லை என்று இன்னொருவர் சொன்னார். எதை நம்புவது? மாமனார் என் முகத்தைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். பெரியவர்கள் கூடிப் பேசி, மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டித் தாலியாகப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். எனக்கு அவமானம் தாங்கவில்லை. சபை என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"ஊருக்கெல்லாம் நல்லவரு. எனக்கு மட்டும் அண்ணன் இல்ல."

பக்கத்தில் பங்கஜம் குனிந்த தலை நிமிரவில்லை.

ஏழேகால் மணிக்கு மஞ்சள் கட்டிய கயிறு தட்டில் வந்துவிட்டது. அப்போது வாசலில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. ரிக்‌ஷாக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னாபா, இந்தக் கல்யாணத்துலயாவது தாலி காணாம கீதா?" என்று கேட்டார். மாம்பலத்தில் தம்பி கல்யாணம், கூடையில் இருப்பது தாலி என்று அண்ணன் அந்தத் தம்பதியிடம் சொல்லியிருந்தார், மண்டபத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அன்று எங்கே பார்த்தாலும் முகூர்த்தம். இரண்டு மண்டபத்தில் கேட்டிருக்கிறார்கள். ஒன்றில், நல்ல நேரத்தில் இது என்ன பேச்சு என்று விரட்டியே விட்டார்களாம்.

நான் எழுந்து ஓடினேன். ரிக்‌ஷாவில் அந்த அம்மாள் கூடையை நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"அய்யாதுரை அண்ணாச்சிக்குத் தம்பியா? கீழ வைக்கக்கூடாதுன்னு சொன்னாவ. கையிலயேதான் வச்சிருக்கேன்."

கூடையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். கெட்டிமேளம் முழங்கத் தாலி கட்டினேன். முகூர்த்தம் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

ஒன்பது மணிக்கு அண்ணன் வந்தார். காலில் செருப்பு இல்லை, சட்டையெல்லாம் கரி. அவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று நான் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பங்கஜத்தின் கழுத்தைப் பார்த்தார். அவள் புரிந்துகொண்டு மஞ்சள் கயிற்றைத் தூக்கி, பொன் தாலியைக் காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏல, அந்த அம்மா எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தாவளா?"

எனக்குத் தெரியவில்லை. கூடையை வாங்கிய பிறகு வாசல் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் எப்போது போனார்கள், எப்படிப் போனார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். அண்ணன் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, சாப்பிடாமல் அடையாறு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் பங்கஜம் என்னிடம் முதன்முதலாகப் பேசினாள். "அவங்களுக்கு ஒரு வாய் காப்பிகூடக் குடுக்கலியே நீங்க" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அண்ணன் அவர்கள் இருவரையும் வீட்டுக்கு அழைத்து வந்தார். எட்டு மணி தவறிவிட்டதால் மறுநாள் வரச் சொல்லிவிட்டார்களாம், பட்டணத்தில் தங்க அவர்களுக்கு இடமில்லை. எங்கள் வீட்டில் இருந்ததே ஒரு அறைதான். அன்றைக்கு அதை எனக்கும் பங்கஜத்துக்கும் என்று பூ வைத்து ஒதுக்கியிருந்தார்கள். அந்த அறையில் அமீனா பீக்கு மெத்தையை உதறிப் போட்டது நான்தான். அண்ணன் சொல்லி அல்ல, நானாகவே.