சீட்டுப் பிடித்த நாவல்

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் உசிலம்பட்டி பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாக எதையாவது போட்டுச் சீட்டுப் பிடிக்க வேண்டும். எல்லோரும் துண்டு போடுவார்கள். நான் போடுவது ஒரு பழைய பிரெஞ்சு சாகச நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு. ஆயிரத்து இருநூறு பக்கம். எட்டு மாதமாக ஒரு நாள்கூட சீட்டு தவறியதில்லை.

இன்று சாயங்காலம் ஏறிப் பார்த்தால், பக்கத்து சீட்டு அக்கா என் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருக்கிறார். ஜவுளிக்கடையில் வேலை, தினமும் இதே பஸ். கேட்டு வாங்க மனம் வரவில்லை.

நாகமலை தாண்டியதும் நிமிர்ந்தார்.

"தம்பி, ஜெயில்ல கெடக்கானே, தப்பிச்சிருவானா?"

அவன் ஜெயிலுக்குப் போனதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"சொன்னா சுவாரசியம் போயிரும்க்கா."

"அம்புட்டையும் படிச்சிட்டீகளா?"

வாய் சும்மா இருக்கக் கூடாதா? "ரெண்டு தடவை!"

"அப்பச் சரி, நான் முடிச்சிட்டுத் தாரேன்" என்று புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

செக்கானூரணியில் இறங்கும் முன் ஒரு பழைய பஸ் டிக்கெட்டை என் கையில் கொடுத்தார்.

"பதினோராம் பக்கத்துல இருந்துச்சு. ரெண்டாவது தடவை படிக்கிறப்ப வச்சதா தம்பி?"

முன் சீட்டுக்காரர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் வயக்காட்டைப் பார்த்தேன்.

நாளைக்குப் போட்டுச் சீட்டுப் பிடிக்க என்னிடம் ஒன்றுமில்லை. நண்பர்களே, நல்ல நாவல் ஒன்று சொல்லுங்கள். ஆயிரம் பக்கத்துக்குக் குறையக் கூடாது. கதை எதுவானாலும் சரி, அட்டை கெட்டியாக இருக்க வேண்டும்.