வலது காது கிழிந்த கரடி

ஆர்லீன் ஹௌகனுக்கு மனிதர்களைக் கண்டால் அவ்வளவாக ஆகாது. மோன்டானாவில், தேசிய வனப்பூங்கா வாசலை ஒட்டிய கோல்டர் ஊரில், விடுதிச் சலவைக்கூடத்தில் இருபது வருஷம் படுக்கை விரிப்பு துவைத்தவள். கட்டியவன் ஆறே வருஷத்தில் டெக்சாஸ் பக்கம் போய்விட்டான்; அவளும் தேடவில்லை. பனி உருகிவிட்டால் போதும், காலை வேலையை முடித்துவிட்டுக் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு வில்லோ ஓடைப் பக்கம் கிளம்பிவிடுவாள். மான், ஓநாய், மலையாடு என்று எது எதிர்ப்பட்டாலும் எடுப்பாள். ஆனால் உயிரையே வைத்திருந்தது கரடிகளிடம்தான்.

அதிலும் ஒரே ஒரு பெண் கரடியிடம். வலது காது பாதி கிழிந்து தொங்கும். ஊரில் அதற்குப் பெயரே மூளி. ஒன்பது வருஷமாக ஆர்லீன் அதைப் படம் எடுத்து வந்தாள். ஊர்க் கடைகளில் தொங்கிய காலண்டர்களில் பாதி அதன் முகம்தான்.

காலண்டர் போடுகிறவர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. மிருகம் காலண்டர் தாளின் உள்பக்கமாகப் பார்த்து நிற்க வேண்டுமாம். வெளியே பார்த்தால், திருப்பிப் போட்டு அனுப்பச் சொல்லிக் கடிதம் வரும். ஸ்லைடை, அதாவது படத்தின் பிலிம் துண்டை, அட்டைச் சட்டத்திலிருந்து பிரித்துப் புறம் மாற்றிச் செருகினால் இடது வலதாகிவிடும். ஆர்லீன் அதை எத்தனையோ முறை செய்திருக்கிறாள். கரடியா வந்து கேட்கப்போகிறது?

எண்பத்து நான்காம் வருஷம் ஜூன் மாதம், வில்லோ ஓடைக்கு மேலே கூடாரம் போட்டிருந்த இரண்டு இளைஞர்களில் ஒருவனைக் கரடி படுக்கைப் பையோடு இழுத்துப் போய்க் கொன்றுவிட்டது. தப்பியவனிடமிருந்து கிடைத்தது ஒரே தகவல்: கரடிக்கு வலது காது கிழிந்திருந்தது.

மறுநாள் காலையில் பூங்காக் காவலன் ராய்ஸ் அவள் வீட்டுக்கு வந்தான். ஒரு காலத்தில் சலவைக்கூடத்தில் அவளிடம் வேலை பழகியவன்.

“காது கிழிஞ்ச கரடி எத்தனை இருக்கு ஆர்லீன்? உங்களுக்குத்தான் தெரியும்.”

“ஏன், உங்க ஆபீஸ்ல படிச்ச மேதைங்க நாலு பேரு இருக்காங்களே, அவங்களக் கேக்கறது.”

“அவங்க மூளிதான்கிறாங்க. மூளிக்கு எந்தக் காது? காலண்டர்ல ஒரு வருஷம் இந்தக் காது, மறு வருஷம் அந்தக் காது. மனுஷனுக்குத் தலை சுத்துது.”

“இடது,” என்றாள் ஆர்லீன். வாயில் அந்தப் பொய் தானாக வந்துவிட்டது. “போய்க் காப்பி ஊத்திக்கோ. பாத்துச் சொல்றேன்.”

அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் ஸ்லைடுகளைப் பரப்பினாள். மூளியைத் தவிர அவளுக்குத் தெரிந்து காது கிழிந்த கரடி இன்னொன்றுதான். வடக்கு மேட்டில் இருந்த தாய்க்கரடி. இந்த வசந்தத்தில் இரண்டு குட்டிகளோடு எடுத்திருந்தாள். அதற்குத்தான் உண்மையில் இடது காது. சமையலறையில் ராய்ஸ் கோப்பையைத் தேடிக்கொண்டிருந்தான். ஆர்லீன் அந்த ஸ்லைடைப் பிரித்து, புறம் மாற்றிச் செருகினாள்.

ராய்ஸ் லென்சை வைத்துப் பார்த்தான். “வலது காதேதான். எங்க எடுத்தது?”

“வடக்கு மேடு. குட்டி வச்சிருக்கிறது, ஆளக் கண்டா விடாது.”

அவன் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை திரும்பி வந்தபோது அவன் முகம் களைத்திருந்தது. “ஹெலிகாப்டர்லேர்ந்து சுட்டோம். கிட்டப் போய்ப் பாத்தா இடது காது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தப்பிச்ச தம்பி பயத்துல மாத்திச் சொல்லியிருப்பான்னு எங்க ஆபீஸ் பெரியவர் முடிச்சுட்டாரு. ஸ்லைடு காலண்டருக்குத் திருப்பினதா இருக்கும்னு நானே சொல்லிட்டேன், நீங்க கவலப்படாதீங்க. ஓடைக்குப் போற பாதைய மூடி வச்சிருந்தோமே, சனிக்கிழமை அதத் தொறக்கறோம்.”

“குட்டிங்க?”

“ஒண்ணு சத்தத்துக்குப் பயந்து ஓடி, பாறையிலேர்ந்து விழுந்துடுச்சு. இன்னொண்ணு கூண்டுல இருக்கு. எதையும் திங்க மாட்டேங்குது.”

அன்று அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. மூளி அப்படிச் செய்திருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வெள்ளிக்கிழமை காலையில் ஓடைப் பக்கம் போனாள். வில்லோ புதர்களுக்கு நடுவே மூளி நிம்மதியாகப் படுத்திருந்தது. அதன் வயிற்றுக்கு அடியில் நீல நிறப் படுக்கைப் பை ஒன்று கிழிந்து பஞ்சு பஞ்சாகக் கிடந்தது. ஆர்லீன் திரும்பி நடந்தாள். பாதி வழியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். செத்தவனுக்காகவா, குட்டிகளுக்காகவா, மூளிக்காகவா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

நேராக ராய்சின் அலுவலகத்துக்குப் போனாள்.

“பாதையத் தொறக்காதே. மூளிக்குத்தான் வலது காது. அந்த ஸ்லைட நான்தான் திருப்பினேன்.”

“காலண்டருக்குத்தானே?”

“இல்ல. உனக்கு.”

“பெத்த அம்மா சொன்னாக்கூட ரெண்டு தடவ யோசிப்பேன் ஆர்லீன். உங்க பேச்ச யோசிக்காம நம்பினேனே,” என்றான்.

“தெரியும்டா.”

“என்ன தெரியும் உங்களுக்கு? அந்தத் தாய் என்னைப் பாத்துக்கிட்டே செத்துச்சு.” எழுந்து துப்பாக்கியை எடுத்தான். “ஆள் வாடை அடிச்சா மூளி புதருக்குள்ள பூந்துடும். அப்புறம் ஒரு மாசம் ஆனாலும் கிடைக்காது. உங்க வாடை அதுக்குப் பழக்கம், நீங்கதான் முன்னால போகணும்.”

அவள் மறுக்கவில்லை. கேமராவை அவன் வண்டியிலேயே வைத்துவிட்டு நடந்தாள். காற்று அவள் முதுகுப் பக்கமிருந்து ஓடையை நோக்கி வீசியது. பத்தடி பின்னால் ராய்ஸ் குனிந்து வந்தான். புதருக்கு அப்பால் புல்வெளியில் மூளி கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. காற்று எட்டியதும் சடாரென்று தலையைத் தூக்கி மோந்தது. ஓடப்போகிறது என்றுதான் ஆர்லீன் நினைத்தாள். ஓடிவிடட்டும் என்றும் நினைத்தாள்.

மூளி அவளை ஒரு தரம் பார்த்தது. பிறகு பக்கவாட்டில் திரும்பி நின்று, மறுபடி தோண்ட ஆரம்பித்தது.

“தள்ளிக்கோங்க,” என்றான் ராய்ஸ்.

அவள் தள்ளி நின்றாள்.