சைரனின் இருக்கை

ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதினெட்டு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். வண்டியில் சைரன் பழுதானாலும் இவள் தொண்டை ஒன்று போதும், முன்னால் போகிறவன் தானாக ஒதுங்கிவிடுவான் என்று ஒரு நர்ஸ் சொல்லப்போய், அன்றிலிருந்து சைரன் என்பதே பெயராக ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

நாற்பத்து மூன்றாவது வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் படுக்கையில் கிடந்து எழுந்தபோது உயிர் இருந்தது, காது இல்லை. இரண்டு காதும். உள்ளே எலும்பு வளர்ந்து அடைத்துவிட்டது, கருவி வைத்தாலும் பெரிதாகப் பயன் இருக்காது என்று மருத்துவர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். அவள் அதைப் படித்துவிட்டு, "அப்ப வண்டி?" என்று கேட்டாள். மருத்துவர் எழுதவில்லை. முடியாது என்று தலையை மட்டும் அசைத்தார்.

ஆஸ்பத்திரி அவளை வெளியே அனுப்பிவிடவில்லை. படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கும் அறையில் வேலை கொடுத்தது. அங்கே அவளால் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. பாதி விரிப்பை மடிப்பாள், ஜன்னலுக்குப் போவாள், வாசலில் வண்டிகள் வந்து போவதைப் பார்ப்பாள், திரும்பி வந்து மடித்ததையே பிரித்து மறுபடி மடிப்பாள். வீட்டிலும் அதே கதை. சாப்பிடும்போதுகூட தட்டோடு நடந்தாள்.

அவளுக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி. வாஷிங்மெஷின் பழுது பார்ப்பவன். அக்கா இப்படிக் கூண்டுக்குள் நடப்பது போல நடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், மூடிவிட்ட ஒரு வீடியோ விளையாட்டுக் கூடத்திலிருந்து கார்ப் பந்தய இருக்கை ஒன்றை வாங்கி வந்தான். இரும்புச் சட்டம், அதில் ஃபைபர் இருக்கை, ஸ்டியரிங், மூன்று பெடல், எதிரே பெரிய திரை. மூன்றாவது மாடிக்கு அதைத் தூக்கி ஏற்றியதில் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

அவள் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. தம்பிக்கு மனசு குளிர்ந்தது. பிறகுதான் அவள் ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினாள்.

"எல்லாம் ஊமையா இருக்குடா! இன்ஜின் எங்க இருக்குன்னே தெரியல. டயர் வழுக்குறது தெரியல. கண்ணுக்குத் தெரியறப்ப கார் சுவத்துல கிடக்குது."

உண்மைதான். காதுள்ளவன் இன்ஜின் முனகுவதை வைத்தே கியர் மாற்றுவான். டயர் கிறீச்சிடும்போதே கை தானாகத் திருத்தும். இவளுக்குத் திரையின் மூலையில் எரியும் சின்ன விளக்கு மட்டும்தான் துணை. அதைப் பார்த்தால் சாலை போய்விடும்.

தம்பி தேடிப் படித்தான். இருக்கையில் திருகி வைக்கும் ஷேக்கர் என்று ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கர் மாதிரிதான், ஆனால் கூம்பு கிடையாது. சத்தத்தைக் காற்றுக்குக் கொடுக்காமல், தன்னை எதில் திருகி வைத்தார்களோ அதை உதற வைக்கும். அவன் கையகலத்தில் கனமான ஒன்றை வாங்கி இருக்கைக்கு நேர் அடியில் பூட்டினான். முதலில் தானே உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டினான்.

"அக்கா, பிரமாதம்! நிஜ காரேதான்!" என்று அவள் முகத்துக்கு நேரே வாயை அகலமாகத் திறந்து சொன்னான். அவளிடம் அப்படித்தான் பேச வேண்டும். உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள், நீளமானதென்றால் போனில் எழுதிக் காட்ட வேண்டும்.

அவள் உட்கார்ந்து ஓட்டினாள். அரைச் சுற்றிலேயே நிறுத்தினாள்.

"இது காரா? மாவு மிஷின். எல்லாம் சேர்ந்து ஒரே உதறலா உதறுது. எது இன்ஜின், எது ரோடுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சுதே!"

"உனக்குக் காதுல தெரிஞ்சுது. பஞ்சை வச்சு அடைச்சுக்கிட்டு உக்காரு பாப்போம்."

அவன் விளையாட்டாக ஹெட்போனைக் கழற்றி, காதில் பஞ்சு திணித்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டாவது வளைவில் அவன் முகம் மாறிப்போயிற்று. அக்கா சொன்னது அத்தனையும் சரி. பின்பக்கம் பிட்டத்தில் ஏதோ கொழகொழவென்று நடுங்கியது, அவ்வளவுதான். தான் உடம்பில் உணர்ந்ததாக நினைத்ததில் முக்கால்வாசி காதால் கேட்டதுதான்.

இதற்குள் கீழ்வீட்டு டியூஷன் வாத்தியார் மேலே வந்துவிட்டார். அவர் வீட்டு அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் தாமாக நடந்து விளிம்புக்கு வருகின்றனவாம். "மேல என்ன ரைஸ் மில்லா வச்சிருக்கீங்க?" என்றார். சைரனுக்கு அவர் உதடு புரியவில்லை, மீசை மறைத்தது. கோபம் மட்டும் புரிந்தது.

வாத்தியாரின் டம்ளர்தான் தம்பிக்கு விஷயத்தைப் புரிய வைத்தது. ஷேக்கர் இருக்கையை மட்டும் உதறவில்லை. இரும்புச் சட்டம் முழுக்க உதறுகிறது, அது தரைக்கு இறங்குகிறது. எத்தனை ஷேக்கர் வைத்தாலும் ஒன்றின் நடுக்கம் சட்டத்தின் வழியே மற்றதில் போய்க் கலந்துவிடும். மெஷின் சுற்றும்போது தரை அதிராமலிருக்கக் காலடியில் ரப்பர் வைப்பது அவனுக்குப் பிழைப்பு. அடுத்த நாளே பைநிறைய ரப்பர்க் கட்டைகளோடு வந்தான். சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே, இருக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே, பெடல் தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே என்று எல்லா இடத்திலும் பிரித்து வைத்தான். வாத்தியாரின் டம்ளர்கள் அடங்கின.

அடுத்து, சின்னதாக மூன்று ஷேக்கர். சின்னது ஆழமாகக் குலுக்காது, ஆனால் மெல்லிய அதிர்வைச் சுத்தமாகக் கொடுக்கும். இரண்டை முதுகுச் சாய்வில் இடமும் வலமுமாக வைக்கலாம் என்றான். பின்டயர் எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அந்தப் பக்கம் அதிரும்.

"நீ வைக்காத," என்றாள் சைரன். "நான் வைக்கிறேன். உடம்பு என்னுது."

கண்ணை மூடிக்கொண்டு இருக்கையில் சாய்ந்தாள். தம்பி பின்னால் மண்டியிட்டு, ஷேக்கரைக் கையால் ஒவ்வோர் இடமாக அழுத்திப் பிடித்தான். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். "இடது. இடது. வலது... இல்ல, தெரியல. இப்ப? நடுவுல." முதுகெலும்புக்கு அருகே வைத்தால் இடம் வலம் பிரியவே இல்லை. தோள்பட்டையில் பிரிந்தது, ஆனால் வளைவில் உடம்பு சாயும்போது தோள் சாய்வை விட்டு விலகிவிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தது, மதியச் சாப்பாடு ஆறிப்போனது. தம்பிக்குக் கை மரத்துவிட்டது. அவளைத் தட்டிக் கண்ணைத் திறக்க வைத்து, முன்னால் வந்து நின்றான்.

"போதும்க்கா, இதுலயே திருகிடறேன்."

"திருகு, நாளைக்குக் கழட்டுவேன்."

கடைசியில் தொடையின் வெளி விளிம்பு அகப்பட்டது. இருக்கை அங்கேதான் அவளை எப்போதும் இறுக்கிப் பிடித்திருந்தது, மெத்தையும் மெலிசு. இடம் என்றால் இடம், வலம் என்றால் வலம், சந்தேகமே இல்லை. சாக்பீஸால் வட்டம் போட்டாள். மூன்றாவது ஷேக்கர், பெடல் தட்டுக்கு அடியில் போனது. முன்சக்கரம் பிரேக்கில் இறுகிப் பூட்டிக்கொண்டால் பாதத்தில் குறுகுறுக்கும். முதலில் வாங்கிய பெரியது அடியிலேயே இருந்தது, மேடு பள்ளத்துக்கு மட்டும். இன்ஜினை என்ன செய்வது என்பதில் ஒரு வாரம் சண்டை நடந்தது. பலமாக வைத்தால் மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. ஒருவழியாக நாலாவதாக ஒரு சின்னதை முதுகுச் சாய்வின் உச்சியில் வைத்து, கியர் மாற்ற வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்பு மட்டும் அதிரும்படி கணினியில் அமைத்தான்.

அதன்பின் ஞாயிறு மதியங்களில் முகம் தெரியாத இருபது பேரோடு பந்தயம் ஓட்டினாள். முதல் தடவை, நீண்ட இடது வளைவில், வலது தொடையில் ஒரு நடுக்கம் ஆரம்பித்தது. திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவள் கை ஸ்டியரிங்கைத் தளர்த்திவிட்டது, கால் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டது. யோசித்துச் செய்யவில்லை. பின்னால் வந்தவன் அதே இடத்தில் வழுக்கிச் சுழன்று போனான். அவள் பதினோராவதாக வந்தாள். இறங்கி, சமையலறைக்கும் அறைக்கும் இடையில் நாலு தடவை நடந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பயந்துபோன தம்பி அவள் முகத்துக்கு நேரே வந்து, "என்னாச்சுக்கா?" என்றான்.

"ஒண்ணுமில்லடா. ஓட்டினேன்."

ஆறேழு மாதம் கழித்து ஆஸ்பத்திரிப் பட்டறையில் ஒரு ஆம்புலன்ஸ் சர்வீஸ் முடிந்து நின்றது. விரிப்பு மூட்டையைக் கொண்டுபோன சைரன், அதைக் கொஞ்ச தூரம் வளாகத்துக்குள் நகர்த்தி நிறுத்துகிறேன் என்று மேஸ்திரியிடம் கேட்டாள். பழைய பழக்கத்தில் அவர் சாவியைக் கொடுத்துவிட்டார். ஒரு சுற்று வந்து இறங்கினாள்.

"பின்னாடி, இடது சக்கரம். பேரிங் போகப்போகுது."

மேஸ்திரி சிரித்தார். "இப்பத்தானம்மா பாத்தோம். சத்தமே இல்ல," என்று காதைத் தொட்டுக் காட்டினார்.

"சத்தம் எனக்கெதுக்கு? கழட்டிப் பாருங்க."

அவள் நகராமல் நின்றாள். நின்றாள் என்றால் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தாள். வேறு வழியில்லாமல் சக்கரத்தைக் கழற்றினார்கள். மேஸ்திரி பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தார், கிரீஸ் காய்ந்து உள்ளே ஒரு குண்டு தேய்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற அடுத்த வண்டியின் சாவியையும் எடுத்து அவளிடம் நீட்டினார்.

இப்போது அவளுக்கு வேலை பட்டறையில்தான். சர்வீஸ் முடிந்த எந்த வண்டியும் அவள் வளாகத்தில் ஒரு சுற்று ஓட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகும். சாலையில் ஆம்புலன்ஸ் ஓட்ட அனுமதி கிடைக்கவில்லை, கிடைக்கவும் கிடைக்காது. வாசல் தடுப்புக் கம்பி வரை வந்து திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள் என்று மேஸ்திரி சொல்கிறார்.

பந்தயத்தில் இதுவரை நான்காவது இடத்தைத் தாண்டவில்லை. அது அவளை அரித்துக்கொண்டே இருக்கிறது. போன வாரம் தம்பி போனபோது இருக்கையைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். வாயில் இரண்டு திருகாணி, கையில் சாக்பீஸ்.

"முன்டயர் வழுக்குறது பாதத்துல லேட்டா தெரியுது," என்றாள் பல்லிடுக்கில். "முழங்காலுக்குப் பக்கத்துல ஒரு இடம் இருக்கும். பிடி இதை."

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் மண்டியிட்டான்.