பூட்டிய ஷட்டருக்குள் ஒரு ஸ்பானியப் படம்

கழக்கூட்டத்துக் கடையொன்றில் இன்று அந்த டிவிடி கிடைத்தது. அட்டையில், கதவின் கைப்பிடியைப் பற்றி நிற்கும் அதே பெண்.

கிழக்கேகோட்டையில் அப்பாவுக்கு வீடியோ கடை இருந்தது. இப்போது அங்கே மொபைல் விற்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கிடந்ததெல்லாம் அதன் ஜன்னலில்லாத பின்னறையில்தான்; மழைக்காலத்தில் காசெட்டுகளில் படரும் பூஞ்சையின் வாடை, அதைத் துடைக்கும் ஸ்பிரிட்டின் வாடை, ஒரு டெக்கிலிருந்து இன்னொன்றுக்குப் படம் நகலாகும் ஓயாத முனகல். திருட்டு காசெட் பிடிக்கப் போலீஸ் வருகிறது என்றால் அப்பா ஷட்டரை வெளியிலிருந்து பூட்டிவிடுவார். நகல் பாதியில் நிற்கக் கூடாது என்பதால் நான் மட்டும் உள்ளே காவல் இருப்பேன்.

"மக்களே, சத்தம் போடாத, கேட்டியா? அப்பா இப்ப வந்திருவேன்."

அப்படியொரு சாயங்காலம் ஓடியது இந்த ஸ்பானியப் படம். ஒலியை அடைத்திருந்த டிவியில் அவள் ஒரு கதவைத் திறப்பாள், அதே அறைக்குள்ளேயே வந்து நிற்பாள், மறுபடியும் திறப்பாள். கடைசிக் கதவில் அவள் கை வைத்தபோது கரண்ட் போனது. காசெட் மெஷினுக்குள் சிக்கிக்கொண்டது. இருட்டில் நான் அழவில்லை. சத்தம் போடக் கூடாதே. ஷட்டரைத் தூக்கியதும் அப்பா முதலில் கேட்டார்:

"காசெட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?"

மெஷினிலிருந்து எடுத்த அந்த இரவல் காசெட் மறுநாளே உரியவரிடம் திரும்பிப் போனது; நகல் பாதியோடு நின்றது. அவள் வெளியே வந்தாளா என்று எனக்குத் தெரியாமலே போயிற்று.

இன்று அதே இடம் வந்ததும் படத்தை நிறுத்தினேன். எழுந்துபோய் வீட்டு வாசல்கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு வந்துதான் மீதியைப் பார்த்தேன்.